வவுச்சர் இல்லாத வரவு

நம்பிக்கை: வவுச்சர்களை நிறையப் பார்த்தால் போதும். நிறுவனம் எப்படி நடக்கிறது என்பது ஆடிட்டருக்கு வேண்டாத வேலை.

உண்மை: வவுச்சர் இருந்தால்தானே பார்ப்பதற்கு? நாமக்கல் கோழிப்பண்ணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளம் பில்லோடு வரும், முட்டை பில்லோடு போகும். முட்டையிட்டு ஓய்ந்த கோழி, எரு, கீறல் முட்டை, காலிச் சாக்கு இவற்றையெல்லாம் ரொக்கத்துக்கு விற்றால்? அந்தப் பணம் ஏட்டில் ஏறாவிட்டால், இருக்கிற வவுச்சர்களைத் தலைகீழாகப் புரட்டினாலும் தென்படாது. விட்ட குஞ்சுகளில் செத்ததைக் கழித்தால் விற்க வேண்டிய கோழி எத்தனை என்று வந்துவிடும் என்பார்கள். வரும்தான். ஆனால் இறப்புப் பதிவேட்டை எழுதுகிறவரே கோழியை எடை போட்டுப் பணமும் வாங்கினால், அந்தக் கழித்தலுக்கு என்ன மதிப்பு? யார் எண்ணுகிறார், யார் எழுதுகிறார், பணம் யார் கைக்கு வருகிறது என்று கேட்டறிந்த பிறகே, எங்கே ஆழமாகத் தோண்டுவது என்று ஆடிட்டர் முடிவு செய்ய முடியும்.

நம்பிக்கை: கணக்கு டேலி ஆகிவிட்டது, பிறகென்ன?

உண்மை: 2018இல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியை நினைத்துப் பாருங்கள். மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து கடன் உறுதிக் கடிதங்கள் ஸ்விஃப்ட் என்ற வங்கிச் செய்தி அமைப்பு வழியாகப் போயின. அது வங்கியின் கணக்கு மென்பொருளோடு இணைக்கப்படவில்லை. ஏட்டில் ஏறாத ஒன்று ஏட்டை எப்படி இடறும்? 13,000 கோடி ரூபாய்க்கு மேல் போனது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பாடம் உண்டு. 2021இல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காக ஆய்வு நடந்தபோது, போலி நகைக்கும், நகையே இல்லாமலும் கொடுத்த கடன்கள் தமிழகத்தில் வெளிப்பட்டன. அசலும் வட்டியும் சரியாகக் கூட்டியிருந்தாலும், பொட்டலத்துக்குள் இருப்பது பித்தளையா என்பதைப் பேரேடு சொல்லாது.

நம்பிக்கை: எங்கள் கேஷியர் லீவே போடாத மனிதர்.

உண்மை: அதுதான் கவலை. அவர் லீவில் போனால்தானே வேறொருவர் அவர் கணக்கைப் பார்க்க முடியும்?

நம்பிக்கை: சின்ன ஜவ்வரிசி ஆலை, எங்களுக்கு விலக்கு உண்டு.

உண்மை: 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 143ஆம் பிரிவு, உள்கட்டுப்பாடுகள் பற்றி ஆடிட்டர் கருத்துத் தெரிவிக்கச் சொல்கிறது. விற்றுமுதல் 50 கோடிக்கும் கடன் 25 கோடிக்கும் கீழே உள்ள தனியார் கம்பெனிகளுக்கு 2017இல் சில நிபந்தனைகளோடு விலக்கு வந்தது. விலக்கு அந்தக் கருத்துக்கு மட்டும். கட்டுப்பாடுகளைப் புரிந்துகொண்டு அபாயத்தைக் கணிக்கச் சொல்லும் எஸ்.ஏ. 315 தணிக்கைத் தரம் சிறிய கம்பெனிக்கும் உண்டு. முதலாளியே செக்கில் கையெழுத்திட்டு, ஸ்டாக்கையும் அவரே எழுதினால், ஆடிட்டர் அதைக் கோப்பில் குறித்துக்கொண்டு குடோனில் மூட்டைகளை நேரில் எண்ண வேண்டியதுதான்.