தழும்பின் கீழே ஒரு கட்டி



அறுவைச் சிகிச்சைப் பகுதியில் கட்டில் கட்டிலாக விசாரித்துக்கொண்டு போகும்போது, வைத்தியரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளைப் போதகரிடம் கேட்கிறவர்கள் அநேகர். அவற்றில் அடிக்கடி வரும் கேள்வி இது: "ஐயா, தையல் ஆறிவிட்டது. ஆனால் தழும்புக்குக் கீழே கட்டி மாதிரி கையில் தட்டுப்படுகிறது. டாக்டரம்மாவிடம் சொன்னால் திரும்பவும் கத்தி வைத்துவிடுவார்களோ?" இப்படிக் கேட்டுவிட்டு, வைத்தியர் வந்ததும் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, "ஒன்றுமில்லை டாக்டர், நன்றாயிருக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. ஆகையால் இந்த இதழில் இக்காரியத்தையே பாடமாக எடுத்துக்கொள்வோம். நான் வைத்தியன் அல்லன். அறுவை நிபுணர்களும் செவிலியர்களும் பல ஆண்டுகளாக எனக்கு விளக்கிச் சொன்னதை உங்களுக்கு விளங்கும்படி சொல்வதே என் வேலை.

எந்த வயிற்று அறுவைக்குப் பின்னும் கட்டி தோன்றலாம். ஆனாலும் 'டம்மி டக்' என்று ஜனங்கள் சொல்லும் அறுவைக்குப் பிறகு இந்தக் கவலை அதிகம். வைத்தியர்கள் இதை அப்டாமினோபிளாஸ்டி என்பார்கள். மூன்று நான்கு பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், உடல் எடை மிகவும் குறைந்தவர்களுக்கும் அடிவயிற்றுத் தோல் பைபோலத் தொங்கிவிடும். அந்த மடிப்புக்குள் வியர்வை தேங்கிப் புண்ணாகும். நடுவயிற்றுத் தசைகள் இரண்டும் விலகிப்போய், எழும்போதெல்லாம் வயிறு கூம்பிக்கொண்டு வரும். இப்படித் தொங்கும் வயிற்றை வெட்டிச் சீர்ப்படுத்திய முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணிசெய்த ஹாவர்ட் கெல்லி 1899இலேயே எழுதி வைத்திருக்கிறார். "அழகுக்காகத்தானே!" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சிலருக்கு அழகுக்காகவும்தான், அதையும் நான் பழிப்பதில்லை. மடிப்புப் புண்ணின் நாற்றத்தினால் நாலு பேர் நடுவில் உட்காரக் கூசும் ஒரு தாயாரைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

இந்த அறுவையில் என்ன நடக்கிறது என்று அறிந்தால்தான் கட்டிகள் ஏன் வருகின்றன என்பது விளங்கும். அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புவரை கீறுகிறார்கள். தோலையும் அதனடியிலுள்ள கொழுப்பையும் தசையைவிட்டுப் பிரித்து, விலா எலும்பை நோக்கி மேலே தூக்குகிறார்கள். விலகிய தசைகளை நடுவில் சேர்த்துத் தைக்கிறார்கள். பிறகு தோலைக் கீழே இழுத்து, மிகுதியானதை வெட்டி, தொப்புளுக்குப் புதிய துவாரம் செய்து, அடுக்கடுக்காகத் தைக்கிறார்கள். வெளியே தெரிவது ஒரு கோடு. உள்ளே புண்ணாகியிருப்பதோ வயிற்றின் முன்பக்கம் பெரும்பகுதி.

இனி 'கட்டி' என்ற சொல்லுக்கு வருவோம். நம் தமிழில் சீழ்க்கட்டியும் கட்டிதான், கொழுப்புக்கட்டியும் கட்டிதான், புற்றுநோய்க் கட்டியும் கட்டிதான். தழும்பின் கீழே விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டவுடன் அந்த ஒரே சொல்தான் வாயில் வருகிறது; மனமோ எல்லாவற்றிலும் கொடியதற்கே தாவிவிடுகிறது. வைத்தியர்களுக்கு அது ஒரு சொல் அல்ல. எப்போது தோன்றியது, கல்போலிருக்கிறதா தண்ணீர்போலத் ததும்புகிறதா, நாளுக்கு நாள் பெருகுகிறதா குறைகிறதா என்று கேட்டு, பல காரியங்களாகப் பிரித்துவிடுகிறார்கள்.

முதலாவது, கட்டியே அல்லாத கட்டி. தழும்பு நெடுகிலும் தோலுக்கடியில் வயல் வரப்புபோல ஒரு தடிப்பு எழும். வெட்டுண்ட இருபுறத்தையும் இணைக்க உடல் கொலாஜன் என்ற நாரை அள்ளிப்போட்டுக் கட்டும் வரப்பு அது. முதல் சில வாரங்களில் அது கெட்டிப்படும். அதைக் கண்டுதான் பெரும்பாலோர் பயப்படுகிறார்கள். மூன்று வாரமான புண்ணுக்குப் பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் அது நூற்றுக்கு 80 அளவுக்கு வரும். அதற்குமேல் ஒருபோதும் முழுமையாக வராது. அந்த வரப்பு இளகித் தட்டையாக 12 முதல் 18 மாதங்கள்கூடச் செல்லும். தழும்புக்கு மேலே வயிறு உப்பலாயிருப்பதும், சாயங்காலத்தில் அது கூடுவதும் வேறு காரணத்தினால்: நிணநீர் வடியும் வழிகள் அறுபட்டிருக்கின்றன, புதிய வழி உண்டாகும்வரை நீர் தங்கும்.

பயறு அளவில், வரிசையாக, கல்போல் தட்டுப்படுபவை பெரும்பாலும் உள் தையலின் முடிச்சுகள். முற்காலத்துக் கேட்கட் நூல் ஆட்டுக் குடலிலிருந்தும் மாட்டுக் குடலிலிருந்தும் செய்யப்பட்டது. இன்று விக்ரில் போன்ற நூல்கள் இரண்டு, இரண்டரை மாதத்தில் கரைந்துவிடும், பி.டி.எஸ். என்ற நூலுக்கு ஆறு மாதமளவு ஆகும். தசையைச் சேர்க்கும் தையலைப் பல வைத்தியர்கள் கரையாத நூலினாலேயே போடுவார்கள். அது என்றைக்கும் உள்ளேயே இருக்கும். சில வேளைகளில் உடல் நூலை ஏற்காமல் வெளியே தள்ளப் பார்க்கும். சிறு பருபோலத் தோன்றி, அதன் முனையில் நூல் எட்டிப் பார்க்கும். அதை நகத்தினால் பிடித்து இழுக்கக்கூடாது. செவிலியர் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.

அடுத்தது நீர் கோத்தல். வைத்தியர்கள் செரோமா என்பார்கள். இந்த அறுவைக்குப் பின் வரும் தொல்லைகளில் மிகவும் சாதாரணமானது இதுவே. பிரித்துத் தூக்கிய தோல் தசையோடு மறுபடியும் ஒட்டுவதற்குள், நடுவிலுள்ள வெற்றிடத்தில் வைக்கோல் நிறமான தெளிந்த நீர் ஊறுகிறது. அதை வெளியேற்றத்தான் பக்கவாட்டில் ரப்பர்க் குழாய் வைத்து அனுப்புகிறார்கள். 24 மணி நேரத்தில் வடிவது 30 மில்லிக்குக் குறைந்தால் குழாயை எடுப்பது பொதுவான வழக்கம். பெரும்பாலும் குழாயை எடுத்த பின்புதான், ஓரிரு வாரங்களில், நீர் மறுபடியும் சேரும். படுத்துக்கொண்டு ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் அலை அடிக்கும். எழுந்து நின்றால் அடிவயிற்றில் தண்ணீர்ப் பைபோலத் தொங்கும். சிறிதானால் உடலே உறிஞ்சிக்கொள்ளும். பெரிதானால் ஊசியினால் இழுத்துவிடுவார்கள்; வாரந்தோறும் சில முறை இழுக்கவேண்டியும் வரலாம். வீட்டில் ஊசி நுழைக்கிற வேலை கூடவே கூடாது. தெளிந்த நீர் சீழாக அது ஒன்றே போதும். நெடுநாள் கவனியாமல் விட்டால் நீரைச் சுற்றி ஒரு சவ்வு வளர்ந்து பையாகிவிடும். பிறகு அந்தப் பையையே அறுத்தெடுக்க நேரிடும். மறுபடியும் கத்தி வைப்பார்களோ என்று பயந்து மறைத்தவர்களுக்குத்தான் கத்தி உண்மையாகவே தேவைப்படுகிறது. வெற்றிடமே இல்லாதபடி தோலின் உட்புறத்தைத் தசையோடு மெத்தை தைப்பதுபோல அங்கங்கே தைத்துவிடும் முறையை பிரேசில் நாட்டின் பரூடியும் பெரெய்ராவும் 1998இல் எழுதினார்கள். அமெரிக்காவில் பொல்லாக் என்ற பெயருடைய இருவர் 2000இல் எழுதினார்கள். அதன்பின் இந்தத் தொல்லை வெகுவாய்க் குறைந்திருக்கிறது.

தழும்புக்குச் சற்று மேலே, நடுவில், எலுமிச்சங்காய்போல உருண்டு கெட்டியாயிருப்பது கொழுப்பு செத்துப்போனதனால் இருக்கலாம். இழுத்துத் தைத்த தோலின் அந்த ஓரத்துக்குத்தான் இரத்த ஓட்டம் மிகவும் குறைவு. புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை வியாதிக்காரருக்கும் அது இன்னும் குறைவு; அறுவைக்கு முன் சில வாரங்களாவது பீடி சிகரெட்டைத் தொடக்கூடாது என்று வைத்தியர்கள் கண்டிப்பாயிருப்பது இதனால்தான். செத்த கொழுப்பு சில மாதங்களில் சிறுத்துப்போகும், அல்லது எண்ணெய்போலக் கசியும்.

இவையெல்லாம் காத்திருக்கக்கூடியவை. காத்திராதவையும் உண்டு. அறுவை முடிந்த முதல் ஓரிரு நாட்களில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, நீலம் பாரித்தால் அது உள்ளே இரத்தம் சேர்வது. அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். சிவந்து, சுட்டு, காய்ச்சலும் துர்நாற்றமுள்ள கசிவும் வந்தால் சீழ், அன்றைக்கே காட்டவேண்டும். கெண்டைக்கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் கட்டியல்ல. ஆயினும் இந்த அறுவைக்குப் பின் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறுவதுண்டு, அதற்கு ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

இருமும்போது துள்ளி எழும்பி, படுத்தால் மறைந்துவிடும் புடைப்பு, குடலிறக்கமாயிருக்கலாம். இதுவரை உள்ளே போய்க்கொண்டிருந்தது போகாமல் நின்று, வலியும் வாந்தியும் கண்டால் குடல் நெரிபடுகிறது என்று அர்த்தம். சிசேரியன் ஆன தாய்மாருக்கு மாதவிலக்கு நாட்களில் மட்டும் தழும்பருகே நொந்து பெருக்கும் ஒரு கட்டி உண்டு. கருப்பையின் உள்வரிச் சதை தழும்பில் ஒட்டி வளர்வது அது. வெட்கத்தினால் பல வருஷம் சொல்லாமலே சகித்துக்கொண்டிருக்கிறார்கள். பெண் வைத்தியரிடம் "மாதந்தோறும் வருகிறது" என்ற ஒரு வார்த்தை சொன்னால், அவருக்குப் பாதி விளங்கிவிடும்.

இப்போது நம் வீடுகளில் நடக்கும் ஒரு காரியத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கட்டி என்றவுடன் பாட்டிமார் கை வைப்பது ஒத்தடத்தில். வெந்நீர்ப் பையும், சூடாக்கிய உப்பு மூட்டையும் சுளுக்குக்கு நல்லவைதான். இந்த அறுவைக்குப் பின் அவை ஆபத்தானவை. தோலைத் தூக்கும்போது நுண்ணிய நரம்புகள் அறுபடுகின்றன. தொப்புளுக்கும் தழும்புக்கும் இடையே பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல், மரத்துப்போயிருக்கும். சூடு தெரியாது. ஒரு தாயாருக்கு அவருடைய நாத்தனார் அன்போடு, "அண்ணி, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று ஒத்தடம் கொடுத்திருக்கிறார். "சுடுகிறதா?" என்று கேட்டதற்கு, "இல்லை, இதமாயிருக்கிறது" என்று இவரும் சொல்லியிருக்கிறார். சேலையில் ஈரம் கண்டபிறகுதான் தோல் கொப்புளித்து உரிந்திருப்பது தெரிந்தது. கட்டி நீர் கோத்ததுதான், ஊசியில் தீர்ந்துபோயிற்று. வெந்த புண் ஆறத்தான் இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

வலி இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூருக்கு வந்து பணிசெய்த டாக்டர் பால் பிராண்ட் குஷ்டரோகிகளிடம் கண்டறிந்தது இதற்கு நேர்மாறானது. அவர்களுடைய விரல்கள் நோயினால் தானாக அழுகி விழவில்லை. உணர்ச்சி அற்றுப்போனதால் நெருப்பும் ஆணியும் செருப்பின் கடியும் தெரியாமல், காயத்தின்மேல் காயம் பட்டே அழிந்தன. மரத்துப்போன வயிற்றுக்கும் அதே நியாயம்தான். அங்கே விரலின் உணர்வை நம்பக்கூடாது, கண்ணை நம்பவேண்டும். நாள்தோறும் கண்ணாடியில் பார்த்து, நிறமும் அளவும் மாறுகிறதா என்று கவனிப்பதே வலி செய்திருக்கவேண்டிய வேலையைச் செய்யும். ஐஸ் கட்டியை நேரடியாக வைப்பதும் அதே விதத்தில் தோலைக் கெடுக்கும்.

எண்ணெய் தேய்த்து நீவுவதோ, புண் முற்றிலும் மூடி, வைத்தியர் சம்மதித்த பின்பு நல்லது. பெரும்பாலும் ஆறாவது வாரமளவில் அனுமதிப்பார்கள். நீர் கோத்திருக்கும்போது நீவக்கூடாது. பிரசவத்துக்குப் பின் நம் தாய்மார் துணியால் வயிறு கட்டும் வழக்கம் இதற்கு ஓரளவு ஒத்ததுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் வயிற்றுப் பட்டை ஒரே சீராய் அழுத்தும், முடிச்சு போட்ட சேலைத்துணி ஓரிடத்தில் மட்டும் வெட்டும்.

புற்றுநோய்ப் பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய தழும்பின் கீழே முதல் மாதங்களில் வரும் கட்டி புற்றாயிருப்பது மிக மிக அரிது. மாதங்கள் அமைதியாயிருந்த தழும்பில் புதிதாய்த் தோன்றி விடாமல் வளர்வது, அல்லது ஆறு மாதம் கடந்தும் சற்றும் குறையாதது எதுவானாலும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். சந்தேகமிருந்தால் ஊசியினால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். இரண்டுக்கும் மயக்க மருந்து வேண்டியதில்லை.

வைத்தியரிடம் போகும்போது வெறுங்கையாய்ப் போகாதிருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்; எந்த நூலால் தைத்தார்கள், குழாயை எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்பது அதிலிருக்கும். கட்டி முதலில் தட்டுப்பட்ட நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பாக்கு அளவா, எலுமிச்சை அளவா என்று சொல்லுங்கள். அதன் ஓரத்தைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவினால் ஒரு கோடு போட்டு வைத்தால், மறுநாள் சிவப்போ வீக்கமோ கோட்டைத் தாண்டியதா என்று வீட்டிலிருக்கிற பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். தாண்டியிருந்தால், மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடவேண்டும்.