நுனியைப் பார்த்து வாங்கு, தங்கச்சி!

ஆரி எம்ப்ராய்டரி கிளாஸில் புதிதாகச் சேரும் பெண்கள் முதலில் கேட்பது, "எந்த நம்பர் ஊசி வாங்கட்டும் அக்கா?" என்றுதான். ஊசியைப் பற்றி அவ்வளவு விசாரிப்பார்கள். கத்தரிக்கோல் என்று வரும்போது, மணி வாங்கிய கடையிலேயே கிடைக்கிற நூல் கட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஓர் ஆவணி முகூர்த்தத்துக்குத் திருபுவனம் பட்டில் கல்யாண பிளவுஸ். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு அது; நெய்தவர் கைபட்ட அருமை தெரிந்த துணி. வேலையெல்லாம் முடிந்து, ஃப்ரேமைக் கவிழ்த்துப் பின்பக்கத்து நூல் வால்களை வெட்டிக்கொண்டிருந்தேன். கட்டரின் நுனி தடிமன். முடிச்சுக்குப் பக்கத்தில் போக மறுத்தது. கொஞ்சம் அழுத்தினேன். நூலோடு பட்டும் சேர்ந்து வெட்டுப்பட்டது. கழுத்துக்குக் கீழே அரிசி மணி அளவுக்கு ஓர் ஓட்டை. இரவெல்லாம் உட்கார்ந்து, உள்பக்கம் அதே பட்டில் ஒட்டுக் கொடுத்து, மேலே குந்தன் கல்லில் ஒரு பூ வைத்தேன். இந்தப் பக்கம் பூ வந்தால் அந்தப் பக்கமும் வர வேண்டுமே, இரண்டு பூவாக்கினேன். பெண்ணின் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லித்தான் பிளவுஸைக் கொடுத்தேன். அந்த இரவு உனக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. அளவு

நூல் வெட்டும் கத்தரிக்கு மூன்றரை அங்குலத்திலிருந்து நாலரை அங்குலம் வரை போதும். அலகு நீண்டால் கை லேசாக அசைந்தாலும் நுனி அதிகமாக நகர்ந்துவிடும். கட்டைவிரலும் மோதிரவிரலும் வளையத்துக்குள் தாராளமாகப் போய்வர வேண்டும். விரலை இறுக்கும் கத்தரி, மணிக்கணக்காக வேலை செய்யும்போது கையை மரத்துப்போக வைக்கும்.

2. மூடிப் பார்

கத்தரியை மூடி, பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடி. நடுவில் முடி அளவு இடைவெளி தெரிய வேண்டும். நுனி இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அலகுகளை லேசாக வளைத்துச் செய்வதால்தான் இந்த இடைவெளி. அதனால் அவை வெட்டுகிற இடத்தில் மட்டும் ஒன்றையொன்று உரசும். நுனி விலகியிருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலும், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடு. நடவு வயலில் நிற்கிற கொக்கின் அலகைப் பார்த்திருப்பாயே, நுனி அப்படிச் சேர வேண்டும்.

3. வெட்டிப் பார்

கடைக்காரர் காகிதத்தை வெட்டிக் காட்டுவார். காகிதம் விறைப்பானது, மொண்ணைக் கத்தரியும் அதை வெட்டிவிடும். நீ ஓர் இழை சில்க் த்ரெட்டை எடுத்து, நுனியின் கடைசி இரண்டு மில்லிமீட்டரால் மட்டும் வெட்டு. நறுக்கென்று விழ வேண்டும். இழை மடங்கி இரண்டு அலகுக்கும் நடுவில் புகுந்துகொண்டால், அந்தக் கத்தரி வேண்டாம். ஈரப் பருத்தித் துணியிலும் ஒரு தடவை நுனிவரை வெட்டிப் பார்.

4. நேரா, வளைவா?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நேர் நுனி வாங்கு, எல்லா வேலைக்கும் வரும். இரண்டாவதாக வளைந்த நுனி. பின்பக்க முடிச்சை வெட்டும்போதும், கட் வொர்க்கில் ஓரத்துணியை எடுக்கும்போதும், நுனி துணியைவிட்டு மேலே பார்க்கும்படி பிடித்தால் பட்டில் குத்தாது.

5. சர்ஜிக்கல் கடையிலும் தேடு

ஃபேன்ஸி ஸ்டோரில் மனசுக்குப் பிடித்தது கிடைக்கவில்லையா? சர்ஜிக்கல் சாமான் கடையில் "ஐரிஸ் சிசர்ஸ்" என்று கேள். கண் அறுவைக்காக வந்த கத்தரி அது. சுமார் நாலரை அங்குலம், நேர், வளைவு இரண்டிலும் வரும். இரண்டு நுனியும் கூராக இருப்பதைக் கேட்டு வாங்கு. ட்ரவுட் மீன் தூண்டிலுக்காக, கொசு அளவுக் கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலரும் இதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

6. சர்தோசிக்குத் தனிக் கத்தரி

இதை மட்டுமாவது மறக்காதே. சர்தோசி என்று நாம் வாங்குகிற சுருள், மெல்லிய உலோகக் கம்பி. அதை மூன்று மில்லிமீட்டர் துண்டாக நறுக்க நறுக்க, அலகில் கண்ணுக்குத் தெரியாத பல் விழும். பிறகு அதே கத்தரியைப் பட்டு நூலில் வைத்தால் இழையைப் பிய்க்கும். பழைய கத்தரியைச் சர்தோசிக்கு ஒதுக்கி, அதன் வளையத்தில் சிவப்பு நூல் கட்டிவிடு. ஒரே கத்தரிதான் இருக்கிறது என்றால் கம்பியை நடு ஆணிக்குப் பக்கத்தில் வைத்து வெட்டு, நுனியால் வெட்டாதே. துணி வெட்ட வேறு பெரிய கத்தரி வேண்டும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்தரி அந்த வேலைக்குப் பேர்போனது.

7. இடதுகைப் பழக்கமா?

சாதாரணக் கத்தரியை இடதுகையில் பிடித்தால், நம் விரல் கொடுக்கிற அழுத்தமே அலகுகளை விலக்கிவிடும். குறை உன் கையில் இல்லை. இடதுகைக்கென்றே செய்த கத்தரியைக் கேட்டு வாங்கு.

8. வைத்துக் காப்பாற்று

நுனிக்கு முதல் எதிரி தரை. மடியிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் நுனிதான் அடிவாங்கும். ஒரு நாடாவால் ஃப்ரேம் கட்டையில் கட்டிவிடு, நாடாவின் நீளம் தரையைத் தொடாமல் இருக்கட்டும். வேலை முடிந்ததும் நுனிக்குப் பேனா மூடி போடு.

இரண்டாவது எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறியிருக்கும். தினமும் கைவேர்வையைத் துடைத்துவிடு. வாரம் ஒரு முறை ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, நாலு தடவை திறந்து மூடித் துடை. முதல் வெட்டைக் கழிவுத் துணியில் வெட்டிய பிறகே பட்டுப் பக்கம் போ. காந்தம் ஒட்டினால் துருப்பிடிக்கும் இரும்பு என்று சொல்வார்கள், அதை நம்பாதே. கத்தரிக்குப் பயன்படுத்துகிற கடினமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டும்.

தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் அரிவாளைக் கொடு, அரிவாள்மணையைக் கொடு. இந்தச் சின்னக் கத்தரியை மட்டும் கொடுக்காதே. அந்தச் சக்கரம் ஒரே சுற்றில் நுனியைத் தின்றுவிடும். மழுங்கிவிட்டால் சர்தோசிக்கு மாற்றிவிட்டு, நூலுக்குப் புதிது வாங்கு.

அடுத்த தடவை கடைவீதிக்குப் போகும்போது கைப்பையில் ஒரு முழம் சில்க் த்ரெட் எடுத்துப் போ. வெட்டிப் பார்க்கக் கடைக்காரர் விடவில்லை என்றால், பக்கத்துக் கடைக்கு நடந்துவிடு.