காற்றில் அடிக்கும் கதவு: கல் வைத்தால் நிற்குமா?

நம்பிக்கை: கனமான கல் ஒன்றை அண்டக் கொடுத்தால் கதவு நிற்கும்.

ஆடி மாதம் ஒகேனக்கல்லில் ஆற்றைப் பார்த்த அறையில் தங்கியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். மேலகிரி மலைகளுக்கு நடுவே, காவிரிப் பள்ளத்தாக்கு வழியாகக் காற்று திரண்டு வரும். வெளிப்பக்கம் திறக்கும் வராந்தாக் கதவு படாரென்று சுவரில் மோதி, திரும்பி வந்து நிலையில் அறையும். உடனே ஒரு கல்லைத் தேடுவோம்.

கல் நிற்குமா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மூன்றடி அகலம், ஏழடி உயரமுள்ள கதவின் மீது மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று நேராகப் பட்டால், சுமார் 12 கிலோ எடையளவுக்குத் தள்ளும். கதவை அதன் ஓரத்தில் பிடித்து நிறுத்த அதில் பாதி, 6 கிலோ, வேண்டும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் 10 கிலோ கல்லின் பிடிமானம் அதன் எடையில் பாதிகூட இராது; சாரலில் தரை நனைந்துவிட்டால் இன்னும் குறையும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. 72 கி.மீ. காற்றுக்கு முன்னால் 50 கிலோ கல்லும் வழுக்கும்.

நம்பிக்கை: கொக்கியை எந்த இடத்தில் மாட்டினாலும் ஒன்றுதான்.

பெரும்பாலான கதவுகள் கெடுவது இங்கேதான். அதே 36 கி.மீ. காற்றில், கீலுக்கு எதிர் ஓரத்தில் உள்ள கொக்கி 6 கிலோ தாங்கினால் போதும். கீலிலிருந்து நாலு அங்குலத்தில் மாட்டிய கொக்கியோ 54 கிலோ தாங்க வேண்டும். அது தாங்காது, தாங்கினாலும் கீலின் திருகுகள் மரத்தை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும். கண்ணுக்கு மறைவாக இருக்கட்டும் என்று மூலையில் கொக்கி வைக்கச் சொல்வது கதவுக்கு நாமே செய்யும் கேடு.

கொக்கி எதில் பதிகிறது என்பதும் முக்கியம். சுவர்ப் பூச்சின் கனம் அரை அங்குலம், முக்கால் அங்குலம்தான். திருகு அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். அருவிச் சாரலும் மழையும் ஈரம் சேர்க்கும் ஊரில் சாதாரண இரும்புத் திருகு துருப்பிடிக்கும். பித்தளை அல்லது எவர்சில்வர் கேளுங்கள்.

நம்பிக்கை: கயிறோ சங்கிலியோ கட்டினால் போதும்.

தொய்வு இல்லாமல் கட்டினால் சரி. அரை அடி தொய்வு விட்டால், கதவு அந்த அரை அடியில் வேகம் பிடித்து ஒரே வெட்டாக இழுக்கும். அந்த வெட்டு காற்றின் தள்ளலைவிடப் பல மடங்கு பெரிது. நம் பழைய வீடுகளின் ஜன்னல் கதவுகளில் இருக்கும் நீளமான கம்பிக் கொக்கியைப் பாருங்கள்: வளையத்தில் விழுந்ததும் கதவு முன்னும் போகாது, பின்னும் வராது. வராந்தாக் கதவுக்கும் அதே கொக்கி, இன்னும் தடித்த கம்பியில், ஓரத்தை ஒட்டி வேண்டும். இவ்வளவு எளிய பொருளைக் கைவிட்டு ஏன் கல் தேடுகிறோம் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. படாரென்று மூடும் கதவின் கீல் இடுக்கில் குழந்தையின் விரல் இருக்கலாம்.

நம்பிக்கை: மேலே டோர் க்ளோசர் இருந்தால் கதவு அடிக்காது.

க்ளோசரின் வேலை கதவை மெதுவாக மூடுவது. திறந்தபடி பிடித்து வைப்பது அதன் வேலை அல்ல. அதற்கென்று பூட்டும் கை வைத்த வகை தனியாக உண்டு. காற்று திரும்பத் திரும்பக் கதவைப் பிடுங்கினால், க்ளோசரின் எண்ணெய் கசியத் தொடங்கும்.

நம்பிக்கை: கதவு வெளியே திறப்பதுதான் தவறு.

மூடியிருக்கும்போது, வெளியே திறக்கும் கதவைக் காற்று நிலையோடு சேர்த்து அழுத்துகிறது. மழைநீர் புகுவது குறையும். சூறாவளிக்குப் பேர்போன அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதற்காகவே வெளிப்பக்கம் திறக்கும் வாசற்கதவுகளை விரும்பி வைக்கிறார்கள்.

நம்பிக்கை: ஆடி போனால் கவலை இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் வரை வீசும். அதைவிட மோசமானது ஏப்ரல், மே மாதக் கோடை இடிமழைக்கு முன்னால் வருவது: இலை அசையாத பிற்பகலில், இடிமேகத்திலிருந்து கீழிறங்கும் குளிர்காற்று சில நிமிடங்களில் சூறையாகிவிடும். எனவே அறையை விட்டுக் கிளம்பும்போது கொக்கியை நம்பிக் கதவைத் திறந்து போடாமல், மூடித் தாழ்ப்பாள் போடுங்கள். ஒகேனக்கல்லில் குரங்குகளுக்காகவும் அதைச் செய்தாக வேண்டும்.