எலியாவின் சோர்வும் நம் வீட்டின் வியாதியும்

வேதபாடம்: 1 இராஜாக்கள் 19:1-8



கர்மேலில் அக்கினி இறங்கக் கண்ட எலியா, அதற்குப் பிறகு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக விரும்பினார். தேவன் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தூங்க விட்டார். தூதனை அனுப்பி இரண்டு தரம் ஆகாரம் கொடுத்தார். ஜெபவீரனுக்கும் மனம் சோரும். அப்போது சரீரத்துக்கும் கவனிப்பு வேண்டும்.

நாமோ சுகர் வந்தா டாக்டர்கிட்ட ஓடுறோம். மனசு சரியில்லைன்னா "பிசாசு", "விசுவாசக் குறைவு" என்று சொல்லி ஒளிச்சு வைக்கிறோம்.

1. எப்படிக் கண்டுகொள்வது?

மனச்சோர்வு: இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் துக்கம், எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெடும், "நான் எதுக்கும் ஆகாதவன்" என்ற நினைப்பு. தறியில் உட்கார்ந்தாலும் கை ஓடாது. அதைச் சோம்பேறித்தனம்னு திட்டாதீங்க. பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் இது வரும்.

பதற்றநோய்: ஓயாத கவலை, காரணமில்லாத பயம், படபடப்பு, மூச்சு முட்டல். நெஞ்சு வலி இருந்தா முதல்ல இருதயத்தைப் பரிசோதிக்கணும்.

மனச்சிதைவு: யாரும் இல்லாதபோது குரல் கேட்கும், எல்லாரும் தனக்கு விரோதமா சதி செய்றாங்கன்னு நம்புவார்கள், குளிக்காமல் ஒதுங்குவார்கள். இதைத்தான் பலபேர் "பேய்" என்கிறார்கள்.

2. வைத்தியம் கிடைக்காவிட்டால்?

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக்கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அங்குள்ள தர்காவில் சுகம் கிடைக்கும் என்று நம்பி எல்லா மதத்தாரும் ஏர்வாடிக்கு வந்தார்கள். ஆகவே இது அடுத்தவர் கதை என்று ஒதுங்காதீங்க. ஜெபவீட்டில் கட்டினாலும் சங்கிலி சங்கிலிதான். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது.

3. எப்போது உதவி தேடுவது?

மேற்சொன்ன அடையாளங்கள் இரண்டு வாரம் நீடித்தாலும், வேலையும் வீட்டுக் காரியமும் நின்றுபோனாலும் டாக்டரைப் பாருங்க. குரல் கேட்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

சாவைப் பற்றிப் பேசினாலோ, ஆகாரமும் தண்ணீரும் மறுத்தாலோ அன்றைக்கே கூட்டிப்போங்க. தனியே விடாதீங்க, பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்க. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. "சொல்றவன் செய்யமாட்டான்" என்பது பொய்.

காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் மனநல டாக்டரைக் கேளுங்க. 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

4. மாத்திரையும் சாட்சியும்

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து, "சுகமாயிட்டேன்" என்று தானாக நிறுத்தாதீங்க. டாக்டர் சொல்லித்தான் நிறுத்தணும். சில மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தண்ணீர் குடிக்காமல் உபவாசம் இருப்பது ஆபத்து, முன்னமே கேட்டுக்கொள்ளுங்க.

சுவிசேஷம் எழுதின லூக்கா ஒரு வைத்தியர். பவுல் அவரைக் கூடவே வைத்திருந்தார். ஆகவே வியாதிப்பட்ட வீட்டுக்குப் போய் ஜெபியுங்க. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வரிசையிலும் அவர்களோடு நில்லுங்க. அதுவும் ஊழியம்தான். ஆமென்.