சிறுநீரகமும் வயல் வேலையும்

கமக்காரர்களே! நம் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. நூற்றில் 99 பங்கு இரத்தத்துக்கே மீள்கிறது. எஞ்சியதே கழிவுகளுடன் சிறுநீராகும். வெயிலில் வியர்வை பெருகினால், மூளையடியிற் சுரக்கும் ஓமோன் மேலும் நீரை மீட்கச் செய்யும். சிறுநீர் செறிந்து கடுமஞ்சளாகும். மடையை அடைத்தால் வயல்நீர் தங்கும், புதுநீர் ஊறாது. அவ்வாறே சிறுநீரகமும் நீரைக் காக்குமேயன்றி உண்டாக்காது.

1990களில் வட மத்திய மாகாண நெற்செய்கையாளரிடையே நாட்பட்ட சிறுநீரக நோயொன்று இனங்காணப்பட்டது. அதன் காரணங்கள் இன்றும் ஆராயப்படுகின்றன. தொடக்கத்தில் அறிகுறி தோன்றாது; இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளே காட்டிக்கொடுக்கும்.

ஆகவே, முன்னேஸ்வரப் பகுதி நெல், மரக்கறிச் செய்கையாளர் தூய குடிநீரை வயலுக்குக் கொண்டு செல்லல் வேண்டும். தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாகப் பருகுக. உச்சி வெயிலில் நிழலில் இளைப்பாறுக. சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவர் கூறும் அளவே பருகுக.