ஜல்லியா, பேவரா? முதலில் ஒரு குழி தோண்டுங்கள்

கேட்டிலிருந்து போர்டிகோ வரை 40 அடி நீளம், 10 அடி அகலம். அப்பா வீடு கட்டியபோது கொட்டிய ஜல்லிப் பாதை. இரண்டு ஓரமும் இட்லிப்பூ, செம்பருத்தி, அரளி, சுவரோரம் இரண்டு தூஜா. போன வருஷம் பார்த்தபோது ஜல்லி இருந்த இடத்தில் சேறும் கோரையும்தான். செடிகள் பாதைக்குள் சாய்ந்து காரை உரசின. வந்து பார்த்த மேஸ்திரி கேட்டருகே நின்றபடியே சொன்னார்: “எல்லாத்தையும் வழிச்சுட்டு பேவர் போட்டுடலாம் சார். மூணு நாள் வேலை.”

போட்டிருக்கலாம். அதற்குமுன் பாதையின் நடுவில் கடப்பாரையால் ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்தோம். மேலே 2 அங்குலம் கறுப்பு மண். அது முழுக்க உதிர்ந்து மக்கிய இலை. அதற்குக் கீழே பழைய ஜல்லி, கழுவினால் புதுசு. அதற்கும் கீழே நேராகக் களிமண். நோய் என்னவென்று அந்தக் குழியே சொல்லிவிட்டது. ஜல்லி கெடவில்லை. அடியில் தளம் இல்லாததால் களிமண்ணுக்குள் இறங்கியிருந்தது. மேலே, பாத்தியிலிருந்து சரிந்த மண்ணும் சருகும் அதை மூடியிருந்தன. பாதையும் செடியோரமும் இரண்டு வேலையல்ல, ஒரே வேலை.

தண்ணீர்க் கணக்கு

எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 400 சதுர அடியில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 940 லிட்டர். ஐப்பசியில் ஒரே இரவில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும். அது நிலத்துக்குள் போகுமா, தெருவுக்கா, வாசற்படிக்கா? தமிழ்நாட்டில் 2003 முதல் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டைமாடித் தண்ணீருக்குக் குழாய் போடும் நாம், வாசல் தண்ணீரை மறந்துவிடுகிறோம்.

பாதைக்கு நான்கு வழிகள்

பழைய ஜல்லியைப் புதுப்பிப்பது: செலவு குறைவு, தண்ணீர் இறங்கும், குழாய் உடைந்தால் தோண்டி மூடலாம். பழைய ஜல்லியை வாரிச் சலித்து வைத்துக்கொண்டு, களிமண்ணை 6 அங்குலம் எடுத்துவிட்டு, ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, 4 அங்குலம் ஒன்றரை ஜல்லியைக் கொட்டி இடித்து, மேலே 2 அங்குலம் முக்கால் ஜல்லி போடவேண்டும். எங்கள் அளவுக்கு அடித்தளம் ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல், மேல்தளம் முக்கால் யூனிட்டுக்குள் (ஒரு யூனிட் 100 கன அடி). துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரிக்காதீர்கள். தண்ணீர் தேங்கி ஜல்லி மிதக்கும். கூழாங்கல்லும் வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் டயருக்கடியில் உருளும். உடைத்த கல்தான் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். கால் ஜல்லி செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். குறை என்ன? வருஷத்துக்கு இரண்டு முறை வாரிச் சமன்செய்ய வேண்டும், களை பிடுங்க வேண்டும்.

பேவர்: நடக்க, பெருக்க, கோலம் போடச் சுகம். கார் மட்டும் என்றால் 60 மி.மீ. கனம் போதும். தண்ணீர் லாரி உள்ளே வருமென்றால் 80 மி.மீ. கேளுங்கள். பிரச்சினை எழுந்தால் கற்களைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கலாம். ஆனால் இதற்கும் அடித்தளம் அதேதான். களிமண்மேல் எம்-சாண்டை மட்டும் தூவிப் பதித்தால் இரண்டு மழைக்குள் சக்கரத்தடம் பள்ளமாகும். ஓரத்தில் கல் கட்டாவிட்டால் கடைசி வரிசை விலகும். இடுக்கில் தண்ணீர் கொஞ்சம்தான் இறங்கும்.

கான்கிரீட்: கனமான வண்டிக்கு உறுதி, பராமரிப்பு இல்லை. ஆனால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. சித்திரை வெயிலில் கொதிக்கும். பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் வேர் தூக்கி விரிசல் விடும். உடைத்து ஒட்டுப்போட்டால் தழும்பு தெரியும்.

கலவை: சக்கரம் ஓடும் இடத்தில் 2 அடி அகலத்தில் இரண்டு பட்டை பேவர், மீதியெல்லாம் ஜல்லி. பலரும் யோசிக்காத வழி இது. முதியவர், சக்கர நாற்காலி, குழந்தை வண்டி இருக்கும் வீட்டில் ஜல்லி மட்டும் போடுவது கொடுமை.

செடியோரத்துக்கு: கவாத்தா, களைந்தெடுப்பதா?

ஜேசிபி வைத்து வழித்தால் அரைநாளில் முடியும். ஆனால் வேரூன்றிய செடிகளோடு மேல்மண்ணும் போய்விடும். கோரை மட்டும் போகாது. அதன் கிழங்கு ஆழத்தில் கிடந்து முதல் மழையில் தலைகாட்டும்.

எனவே செடியைப் பார்த்து முடிவெடுங்கள். இட்லிப்பூ, செம்பருத்தி, காகிதப்பூ, குரோட்டன்ஸ் எல்லாம் முரட்டுக் கவாத்தைத் தாங்கும். இரண்டடிக்கு வெட்டினாலும் துளிர்க்கும். ஒரேயடியாக மொட்டையடிக்கப் பயமென்றால் ஒன்றுவிட்டு ஒரு செடியாக வெட்டுங்கள். தூஜா அப்படியல்ல. பச்சையைத் தாண்டிக் காய்ந்த கட்டையில் வெட்டினால் அந்த இடம் துளிர்க்கவே துளிர்க்காது. உள்ளே காய்ந்துவிட்ட தூஜாவை எடுத்துவிடுவதே நல்லது. அரளியை வெட்டும்போது கையுறை போடுங்கள். பால் நஞ்சு. கழிவை எரிக்கவோ ஆட்டுக்குப் போடவோ கூடாது. புதரில் கைவைக்குமுன் நீளக் கழியால் தட்டுங்கள். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது.

வெட்டிய பிறகு சுவரைப் பாருங்கள். வருஷக்கணக்கில் சேர்ந்த மண் சுவரின் அடிப்பூச்சுக்கு மேல் ஏறியிருக்கும். ஓதம் பிடிப்பதும் கரையான் ஏறுவதும் அந்த வழியாகத்தான். பாத்தியை இறக்கி, பாதையைவிட 2 அங்குலம் தாழ்வாக வையுங்கள். இடையில் கருங்கல் வரிசை ஒன்றை, முக்கால்வாசி மண்ணுக்குள் புதைய, 4 அடிக்கு ஓர் இடைவெளி விட்டு நடுங்கள். ஜல்லி அந்தப்பக்கம் போகாது, மண் இந்தப்பக்கம் வராது, மழைநீர் இடைவெளி வழியாகச் செடிக்குப் போகும்.

எது முதலில்?

செடி முதலில், பாதை பிறகு. மாறிச் செய்தால் புது ஜல்லிமேல் மண்ணும் வேரும் விழும். ஆடியில் கவாத்து, ஆவணியில் அடித்தளம், புரட்டாசி முடிவதற்குள் மேல்தளம். ஐப்பசி மழைக்குச் செடியில் இலை இருக்கும், தளம் இறுகியிருக்கும். வாட்டம் பாத்திப் பக்கம் இருக்கட்டும். 10 அடிக்கு 2 அங்குலம் போதும். நூல் கட்டிக் காட்டாத மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நாங்கள் கலவையைத்தான் எடுத்தோம். காரணம் தண்ணீர் மட்டுமல்ல. அம்மா கைத்தடியோடு தினமும் கேட் வரை போய்க் கீரை வாங்குகிறாள். அவளுக்கு வலது பட்டை பேவரை 3 அடியாக அகலப்படுத்தினோம். மீதி ஜல்லி. இப்போது கேட் திறந்தால் நறநறவென்று சத்தம் வருகிறது. சமையலறையிலிருந்தே “பால்காரர் சைக்கிள்” என்கிறாள். சில நாள், “சத்தமே இல்லை, ஆனா கேட் திறந்துச்சே?” என்கிறாள். பேவர்மேல் நடந்து வந்த யாரோ.