பஞ்சு மிட்டாய் கலரும் 'ஆர்கானிக்' ஸ்டிக்கரும்

லீவுக்குப் பிள்ளைங்களோட செஞ்சிக்கு வரேன்னு சொல்லியிருக்கே. ராஜகிரி ஏறி இறங்கினா தாகமும் பசியும் சேர்ந்து வரும்; கண்ணுல படற கலரையெல்லாம் கேப்பாங்க. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துல கேக்கவே வேணாம். அதனால இப்பவே சொல்லி வெச்சிடறேன்.

அடிக்கிற மாதிரி ரோஸ் கலர்ல பஞ்சு மிட்டாய் இருந்தா வாங்காதே. 2024 பிப்ரவரியில முதல்ல புதுச்சேரியும் அடுத்து நம்ம தமிழ்நாடு அரசும் தடை போட்டது இதுக்குத்தான். பரிசோதனையில ரோடமின்-பி இருந்துச்சு. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடற சாயம். சாப்பாட்டுல துளிகூடச் சேர்க்கக் கூடாது. விலை மலிவு, ஒரு சிட்டிகை போட்டாலே நிறம் தூக்கும், அதான் அதுமேல ஆசை. பிள்ளைங்க அடம் பிடிச்சா வெள்ளைப் பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடு. வெறும் சர்க்கரைதான், ஆனா சாயம் இல்லை.

அப்போ கலர்னாலே விஷமான்னு கேக்காதே. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின்னு எட்டு செயற்கை நிறங்களுக்கு நம்ம நாட்டுல அனுமதி உண்டு. ஐஸ்கிரீம், பிஸ்கட், மிட்டாய் மாதிரி சிலதுக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைக்கும். பாக்கெட்டுல 102, 110, 122-ன்னு எண் இருக்கும், பாரு. பிரியாணிக்கும் சிக்கன் 65-க்கும் அந்த அனுமதி கிடையாது. ஏண்டி, வீட்டுல கேசரிக்குக் கலர் பவுடரைக் கண்ணளவுல கொட்டறோமே, அந்த 100 மில்லிகிராம் எங்கே, நம்ம சிட்டிகை எங்கே? துளி மஞ்சள்தூள் போதும். பீட்ரூட் சாறுன்னா அடுப்பை அணைச்ச பிறகு ஊத்து. கொதிச்சா நிறம் மங்கிடும்.

"இது ஆர்கானிக் கலரு"ன்னு யாராவது சொன்னா மயங்காதே. வேதியியல் கணக்குல டார்ட்ரசினும் ஆர்கானிக், ரோடமினும் ஆர்கானிக், பெட்ரோலும் ஆர்கானிக். எல்லாமே கார்பன் சேர்மம். 1856-ல வில்லியம் பெர்கின் நிலக்கரித் தார்ல கிடைச்ச பொருளை வெச்சு ஊதாச் சாயம் செஞ்சாரே, அந்த வம்சம்தான் இந்தச் சாயமெல்லாம். கடையில நீ தேட வேண்டியது வேற: அரசோட இயற்கை வேளாண் சான்று முத்திரை, கூடவே எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண். செயற்கைச் சாயம் போட்ட பண்டத்துக்கு இயற்கை வேளாண் சான்று கிடைக்காது. 'இயற்கை'ன்னு வெறும் ஸ்டிக்கர் யார் வேணா அடிச்சு ஒட்டலாம்.

பண்டத்துல மட்டுமில்லை, காய்கறியிலயும் சாயம் ஏத்தறாங்க; வீட்டுலேயே சோதிச்சுடலாம். சந்தையில வாங்கின பச்சைப் பட்டாணியை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில அரை மணி நேரம் போட்டு வை. தண்ணி பச்சையானா சாயம் ஏத்தியிருக்காங்க. சர்க்கரைவள்ளித் தோலை எண்ணெய் நனைச்ச பஞ்சால தேய்ச்சுப் பாரு. பஞ்சு சிவந்தா சமைக்காதே. மிச்சத்தையும் பில்லையும் தூக்கிப் போடாம உணவுப் பாதுகாப்பு அலுவலர்கிட்ட கொடு. பில் தரமாட்டேன்னா, கடை எந்தத் தெருன்னாவது குறிச்சு வெச்சுக்கோ.